வீட்டில் புகுந்த வெள்ளத்தை வெளியேற்ற எந்தப் பம்பு ஏற்றது?

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், புதுக்கோட்டை மாவட்டத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில், வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வானம் பார்த்த பூமி என்று பெயர் பெற்றது நம் மாவட்டம். இங்கே நின்றுகொண்டு, வீட்டிற்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது எப்படி என்று பேசப் புகுந்தால், கேட்போர் புன்னகை செய்யக்கூடும். ஆண்டில் ஒன்பது மாதங்கள் தண்ணீர் இல்லையே என்பதுதான் நம் கவலை. ஆயினும், ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. ஓராண்டு மழையின் பெரும்பகுதி சில வாரங்களில், சில சமயங்களில் சில நாட்களிலேயே, கொட்டித் தீர்த்துவிடுகிறது. செம்புறாங்கல் பூமியில் விழும் நீர் உடனே உள்ளிறங்குவதில்லை. மேலோடு ஓடிப் பள்ளமான தெருவைத் தேடுகிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோரப் பகுதிகளிலோ, மணற்பாங்கான நிலத்தில் நிலத்தடி நீரே மேலெழுந்து வீட்டுத் தரையைத் தொட்டுவிடுகிறது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயல் நம் மாவட்டத்தின் வழியாகவே சென்றது. ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பரில், தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நம் ஊர்களில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழைக்கு ஒப்பானது அது. தூத்துக்குடி நகரின் தாழ்ந்த பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றது. ஆற்றல் மிக்க பம்புகளை வைத்து இறைக்க வேண்டியதாயிற்று. அத்தகைய மழை நமக்கு வராது என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆகவே, வெள்ளம் புகும் வீடுகளை உடையோரும், அவ்வீடுகளுக்குப் பொறுப்பேற்கும் பஞ்சாயத்துக்களும் எவ்வகைப் பம்பைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதை இன்று சற்று விரிவாக ஆராய்வோம்.

பம்புக்கு முன் மண்வெட்டி

பம்பு வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த நீர் எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை காணாமல் கடைக்குச் செல்வது, நோயறியாமல் மருந்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

வீட்டில் புகும் நீர் நான்கு வழிகளில் வரக்கூடும். கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் சேரும் மழை நீர் ஒன்று. தெருவிலிருந்து வாசல் வழியே நுழையும் நீர் மற்றொன்று. தரைக்கடியிலிருந்து ஊறும் நீர் மூன்றாவது. கண்மாய் நிரம்பியோ கரை உடைந்தோ வரும் நீர் நான்காவது.

முதல் மூன்றிற்கும் பம்பு துணை செய்யும். நான்காவதற்குச் செய்யாது. ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரம் நீர் நின்றால், அதன் அளவு ஏறக்குறைய 12 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். நிமிஷத்திற்கு 120 லிட்டர் இறைக்கும் சிறு பம்பு அதை வெளியேற்ற இரவு பகலாக ஏழு நாட்கள் ஓட வேண்டும். அதுவும், புதிய நீர் ஒரு சொட்டும் வராதிருந்தால்தான். கண்மாய் நீர் வந்துகொண்டேயிருக்கும்போது இறைப்பது வீண் செலவாகும்.

நம் மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ளன. அவற்றில் குமிழி அமைத்து, நீரை அளவறிந்து தேக்கியும் விடுத்தும் வந்தவர்கள் நம் முன்னோர்கள். வரத்து வாரியும், கலிங்கும், கலிங்கிலிருந்து செல்லும் போக்குக் கால்வாயும் செவ்வனே இருந்த காலத்தில், மிகுந்த நீர் ஊருக்குள் வராமல் அடுத்த கண்மாய்க்குச் சென்றது. அக்கால்வாய் தூர்ந்து கருவேல் மண்டிக் கிடக்கும் ஊரில் எத்தனை பம்புகள் வாங்கினாலும் போதா. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை; அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. எந்தக் கால்வாய் எவருடையது என்பதைக் கண்டறிந்து, மழைக்கு முன்னரே எழுதிக் கேட்பது பஞ்சாயத்தின் கடமை. வெள்ளம் வந்தபின் கரையைத் தாமே வெட்டிவிடுவது, கீழூர் மக்களின் வீட்டில் நீரை விடுவதாகும். அதை ஒருபோதும் செய்யலாகாது.

வீட்டளவிலும் அவ்வாறே. கூரை நீரைத் தகரத் தாரை வைத்துத் தனியே தெருக் கால்வாய்க்கு விடுதல், வாசற்படியை ஒரு சாண் உயர்த்துதல், முற்றத்தின் தரையை வெளிப்புறம் சரிவாக அமைத்தல் ஆகிய இம்மூன்றும் செய்த பிறகு எஞ்சும் நீருக்கே பம்பு வேண்டும்.

நீரை அளந்து அறிதல்

பம்பின் அளவைக் குதிரைத் திறன் கொண்டே பேசுவது நம் வழக்கம். "ஒரு குதிரைத் திறன் போதுமா, இரண்டு வேண்டுமா?" என்று கடைக்காரரைக் கேட்கிறோம். உண்மையில் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: நிமிஷத்திற்கு எத்தனை லிட்டர்? எத்தனை மீட்டர் உயரத்திற்கு?

முதலில் நீரின் அளவைக் காண்போம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். இந்த ஒரு கணக்கை நினைவிற் கொண்டால் போதும். ஐந்து சென்ட் மனை ஏறக்குறைய 200 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை கொட்டினால், அம்மனையில் 10,000 லிட்டர் சேரும். அதாவது நிமிஷத்திற்கு 167 லிட்டர். அம்மனையில் பாதி கூரையாக இருந்து, அக்கூரை நீரைத் தாரை வைத்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டால், பம்புக்கு மிஞ்சுவது நிமிஷத்திற்கு 83 லிட்டரே. தகரத் தாரை ஒன்று பம்பின் வேலையைப் பாதியாக்கிவிடுகிறது.

தரைக்கடியிலிருந்து ஊறும் நீரை அளக்க வேறு வழி உண்டு. வீட்டின் மிகத் தாழ்ந்த மூலையில், நீளமும் அகலமும் 60 சென்டிமீட்டர் உள்ள குழி ஒன்று வெட்டுங்கள். மழை நாளில் அதிலுள்ள நீரை வாளியால் இறைத்துவிட்டு, ஒரு நிமிஷத்தில் எத்தனை சென்டிமீட்டர் ஊறுகிறது என்று குச்சி வைத்து அளவெடுங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 3.6 லிட்டர் என்று கொள்ளலாம். பத்து சென்டிமீட்டர் ஊறினால் நிமிஷத்திற்கு 36 லிட்டர். அதைப் போல இரு மடங்கு இறைக்கக்கூடிய பம்பு இருந்தால், கடுமழையையும் தாங்கும்.

ஏற்றமும் இறைப்பும்

அடுத்தது உயரம். குழியின் அடியில் உள்ள நீர்மட்டத்திலிருந்து, நீர் வெளியே விழும் இடம் வரை உள்ள செங்குத்து உயரமே முதல் அளவு. வீடுகளில் இது பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் இராது. இத்துடன் குழாயில் நீர் உராய்ந்து செல்வதால் ஏற்படும் நஷ்டத்தையும் கூட்ட வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர்.

நிமிஷத்திற்கு 100 லிட்டர் நீரை 20 மீட்டர் நீளமுள்ள ஒன்றரை அங்குலக் குழாயில் அனுப்பினால், உராய்வினால் ஏற்படும் நஷ்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திற்கு ஒப்பாகும். அதே நீரை ஒரு அங்குலக் குழாயில் அனுப்பினால், நஷ்டம் ஏறக்குறைய ஒன்பது மீட்டராகிவிடும். அதாவது, தரையிலிருந்து தெருவுக்குத் தள்ள வேண்டிய நீரை மூன்று மாடி உயரத்திற்கு ஏற்றுவது போன்ற பாடு. மலிவாகக் கிடைக்கிறதென்று சிறு குழாயை மாட்டினால், நல்ல பம்பும் கெட்ட பெயர் எடுக்கும். பம்பின் வாய் எந்த அளவோ, குழாயும் அந்த அளவுக்குக் குறையலாகாது. வளைவுகளும் குறைவாகவே இருக்கட்டும்.

விற்பனைச் சீட்டில் "உயரம் 10 மீட்டர், இறைப்பு 200 லிட்டர்" என்று அச்சிட்டிருப்பார்கள். இவ்விரண்டும் ஒரே சமயத்தில் கிடைப்பவை அல்ல. 10 மீட்டர் உயரத்தில் அந்தப் பம்பு ஒரு சொட்டும் தராது. 200 லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. நமக்கு வேண்டிய உயரத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காட்டும் அட்டவணையைக் கேட்டுப் பெற வேண்டும். வாங்கிய பின்னும், 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வைத்து அது எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது என்று பார்த்துவிடுவது நலம்.

கேரளத்துக் குட்டநாட்டில் கடல் மட்டத்திற்குத் தாழ்ந்த வயல்களில் நெல் விளைவிக்கிறார்கள். அங்கே நீரை வெளியேற்றப் "பெட்டியும் பறையும்" என்னும் மரத்தாலான பம்பைப் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். அது நீரை உயரத்திற்குத் தூக்காது. ஆனால் வரப்புக்கு மேலே பெருவாரியாகத் தள்ளிவிடும். வெள்ள நீரை வெளியேற்றுவதற்கு வேண்டிய குணம் அதுவே: குறைந்த ஏற்றம், நிறைந்த இறைப்பு.

பம்புகளின் வகை

கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின்மோட்டார் செய்து காட்டிய பின்பு, தமிழ்நாட்டில் பம்புத் தொழில் ஓங்கி வளர்ந்தது. இன்று வகைகள் பெருகிவிட்டமையால், எது எதற்கு உரியது என்று அறிவது அவசியமாகிறது.

முதலாவது, ஆழ்குழாய்க் கிணற்று நீர்மூழ்கி மோட்டார். நம் விவசாயிகள் பலரிடம் இருப்பது இதுவே. "இதையே குழியில் போட்டால் என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். இது நூறு மீட்டர் ஆழத்திலிருந்து தெளிந்த நீரை மேலே கொண்டுவருவதற்காகச் செய்யப்பட்டது. பல அடுக்குச் சிறு சக்கரங்கள் உள்ளன. சேறும் இலையும் புகுந்தால் அடைத்துக்கொள்ளும். தன்னைச் சுற்றி நீர் ஓடினால்தான் இதன் மோட்டார் குளிர்ச்சியாக இருக்கும். வெள்ளக் குழியில் போட்டால் மோட்டாரை இழப்போம்.

இரண்டாவது, தரைமேல் வைக்கும் மோனோபிளாக் பம்பு. மாடித் தொட்டிக்கு நீரேற்றப் பயன்படுவது. இது நீருக்கு வெளியே இருக்க வேண்டும். வெள்ளம் உயர்ந்தால் மோட்டார் நனைந்து கெடும். ஒவ்வொரு முறையும் நீரூற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டிய வகையானால், நள்ளிரவு மழையில் அதை இயக்குவது எளிதன்று.

மூன்றாவது, திறந்த கிணற்று நீர்மூழ்கி மோட்டார். இது தெளிந்த நீருக்கு நல்லது. ஆனால் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டுமாதலால், தரையில் ஒரு சாண் நீர் எஞ்சும்போதே நிறுத்த வேண்டும்.

நான்காவது, வடிகால் நீர்மூழ்கி பம்பு. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வீட்டுக்கு அடியில் நிலவறை அமைப்பது வழக்கம். அந்நிலவறையின் மூலையில் குழி வெட்டி, அதில் நிரந்தரமாக இவ்வகைப் பம்பை வைத்திருப்பார்கள். நிமிர்ந்து நிற்கும், அடியிலிருந்து நீரை இழுக்கும், சிறு மணலையும் இலைத்துணுக்கையும் தாங்கும். வீட்டு உபயோகத்திற்கு அரைக் குதிரைத் திறன் உள்ளது, மூன்று நான்கு மீட்டர் உயரத்திற்கு நிமிஷத்திற்கு நூறு லிட்டர் அளவில் தரக்கூடும். வெள்ளம் புகும் வீட்டிற்கு ஏற்றது இதுவே. நீருடன் சாக்கடையும் கலக்குமானால், பெரிய துணுக்குகளையும் விழுங்கி வெளித்தள்ளும் கழிவுநீர் பம்பை வாங்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் பருமனுள்ள பொருள் அதனுள் புகுந்து செல்லும் என்பது சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

ஐந்தாவது, பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சின் பம்பு. இதைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

எந்த வகையானாலும், பழுது நீக்கவும் உதிரிப் பொருள் பெறவும் பக்கத்து ஊரிலேயே வசதி உண்டா என்று விசாரித்து வாங்குக. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள வகைகளில் அம்முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க.

குழியும் மிதவையும்

பம்பு வைக்கும் குழி, அகலம் 60 சென்டிமீட்டருக்கும் ஆழம் 75 சென்டிமீட்டருக்கும் குறையாமல் இருப்பது நலம். சிறு குழியானால், பம்பு நிமிஷத்திற்கு நிமிஷம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்து மோட்டார் சூடேறிக் கெடும். குழிக்குச் செங்கல் சுற்றுச்சுவர் கட்டி, மேலே கம்பி வலை போடுக. குழந்தைகள் உள்ள வீட்டில் கனமான மூடியின்றிக் குழி இருத்தல் ஆகாது. பம்பைச் சேற்றின் மேல் வைக்காமல், ஒரு தட்டைக் கல்லின் மேல் நிறுத்துக.

நீர் உயர்ந்ததும் தானே ஓடவும், வடிந்ததும் தானே நிற்கவும் செய்வது மிதவை சுவிட்சு. மிதவை தடையின்றி ஏறி இறங்கக் குழியில் இடம் வேண்டும்; சுவரில் சிக்கிக்கொண்டால், நீரின்றியே மோட்டார் ஓடி எரிந்துவிடும். வெளியேறிய நீர் குழாய் வழியே குழிக்குத் திரும்பாமலிருக்க ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்துவதும் அவசியம்.

கடலோரத்து மணற் பூமியில் ஓர் எச்சரிக்கை தேவை. அங்கே குழிக்குள் வருவது சுற்று வட்டாரத்து நிலத்தடி நீர். ஓயாமல் இறைத்தாலும் ஊறிக்கொண்டேயிருக்கும். தரை நனையாத அளவுக்கு மிதவையை அமைத்துவிட்டு, அதற்குக் கீழே இறைக்க முயலாதிருப்பதே அறிவுடைமை.

மின்சாரமும் உயிரும்

இனிக் கூறப்போவதை எல்லோரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். வீட்டில் நீர் புகுந்தால் பொருள் நஷ்டம். அந்நீரில் மின்சாரம் கசிந்தால் உயிர் நஷ்டம். நனைந்த பாயையும் நெல் மூட்டையையும் பின்னர்க் காயவைக்கலாம்.

நீர் புகத் தொடங்கியதும் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அதுவும் காய்ந்த இடத்தில் நின்று எட்டக்கூடியதாக இருந்தால் மட்டுமே. மீட்டர்ப் பலகை நனைந்திருந்தாலோ, நீரில் நின்றுதான் தொட வேண்டுமென்றாலோ, தொடவே கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குத் தெரிவித்து, இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும்.

ஆகவே, பம்பின் இணைப்பு வீட்டின் மற்ற இணைப்புக்களிலிருந்து தனியாக, வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அது ஒன்று மட்டும் பாதுகாப்பாக இயங்க அதுவே வழி. ஆர்.சி.டி. எனப்படும் மின்கசிவுத் தடுப்பான், 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது, அதில் கட்டாயம் பொருத்தியிருக்க வேண்டும். சிறிது கசிந்தாலும் கண்ணிமைக்கும் பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காப்பது இக்கருவி. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். எர்த் கம்பி இல்லாத பம்பை இயக்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். கேபிளின் ஒட்டு எதுவும் நீருக்குள் இருத்தலாகாது. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது நீரில் இறங்குவதோ, கேபிளைப் பிடித்துப் பம்பைத் தூக்குவதோ கூடாது; தூக்குவதற்கு நைலான் கயிறு கட்டிவைக்கலாம்.

விவசாயப் பம்புசெட்டுக்குத் தரப்பட்ட இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பதும் தவறு. அது விதிக்கு முரணானது. வேலியோரம் தொங்கும் அந்த ஒயரால் வழியில் செல்வோர்க்கும் ஆபத்து.

மின்சாரம் நின்றுபோனால்?

மழைக் காலத்தில் எழும் மிகப் பெரிய கேள்வி இது. புயல் வரும் இரவில் மின்சாரம் தானாகவும் நிற்கும். பாதுகாப்பு கருதி நிறுத்தவும் செய்வார்கள். கஜா புயலில் கம்பங்கள் சாய்ந்தமையால், நம் கிராமங்கள் பல நாட்கணக்கிலும் சில வாரக்கணக்கிலும் இருளில் இருந்தன. வாடகைக்கு ஜெனரேட்டர் கொணர்ந்து மேல்நிலைத் தொட்டிகளில் நீரேற்றிய அனுபவம் இங்குள்ள பலருக்கும் உண்டு. மின்சாரத்தை மட்டும் நம்பிய பம்பு, மிகவும் வேண்டிய அந்த நேரத்தில் பயன்படாமல் போகக்கூடும்.

பாட்டரியும் இன்வெர்டரும் உள்ள வீடுகளில் அவற்றை நம்பலாமா என்று கேட்கலாம். அரைக் குதிரைத் திறன் பம்பு ஓடும்போது 600, 700 வாட் அளவு மின்சாரம் கொள்ளும். தொடங்கும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் வைத்த சிறு இன்வெர்டர் அதைத் தாங்காது. தாங்கக்கூடியது இருந்தாலும், 150 ஆம்பியர்-மணி அளவுள்ள ஒரு பாட்டரியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே ஓடும். இடையிடையே ஓடும் பம்பானால் ஓரிரவைக் கடத்த இது உதவலாம். சூரியசக்திப் பம்புகளோ கருமேகம் சூழ்ந்த நாட்களில் முழுத்திறனுடன் ஓடுவதில்லை.

எனவே, எஞ்சின் பம்பு இன்றியமையாததாகிறது. ஆனால் ஒவ்வொரு வீடும் அதை வாங்க இயலாது, வாங்கவும் தேவையில்லை.

ஊருக்கு ஓர் எஞ்சின்

ஊரின் தாழ்ந்த பகுதியில் குடியிருப்போர் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள். மேட்டு நிலம் முன்னரே பிறரால் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. வெள்ளம் முதலில் புகுவதும் கடைசியில் வடிவதும் அவர்கள் வீட்டில்தான். மண்சுவர் இரண்டு நாட்கள் நீரில் ஊறினால் சரிந்துவிடும். பம்பு வாங்கும் சக்தி உடையவர்க்கு அதன் தேவை குறைவு. தேவை மிகுந்தவர்க்கு வாங்கும் சக்தி இல்லை. இதைச் சரிசெய்யவே பஞ்சாயத்து இருக்கிறது.

மூன்று அங்குல வாயுள்ள எஞ்சின் பம்பு ஒன்று, நடைமுறையில் நிமிஷத்திற்கு 700 லிட்டர் அளவு இறைக்கும் என்று கொள்வோம். முன்னர்க் கூறிய ஓர் ஏக்கர், ஓரடி நீரை அது ஏறக்குறைய 30 மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். வீட்டுப் பம்பு ஏழு நாட்களில் செய்யும் வேலை இது. சக்கர வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுசெல்லலாம். உறிஞ்சு குழாய், அதன் முனைக்குச் சல்லடை, நீரை வெளியே கொண்டுசெல்ல ஐம்பது மீட்டர் துணிக்குழாய் ஆகியவை உடன் இருக்க வேண்டும். உறிஞ்சும் பம்பு எதுவும் ஆறு ஏழு மீட்டருக்கு மேல் நீரை இழுக்காது என்பதையும் நினைவிற் கொள்க. எஞ்சினை வீட்டிற்குள்ளோ மூடிய கொட்டகையிலோ இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள நச்சுக் காற்று நிறமும் மணமும் இன்றி மனிதரை மாய்த்துவிடும்.

யந்திரம் வாங்குவதைவிட அதை ஒழுங்காக வைத்திருப்பது கடினம். ஐந்து விஷயங்களை முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, சாவி யாரிடம்? ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கொட்டகையில் யந்திரம் அடைந்து கிடக்குமானால், அது ஊர்ப் பொதுவாகாது. பஞ்சாயத்து அலுவலகத்திலேயே இருக்கட்டும். இரண்டு பேரிடம் சாவி இருக்கட்டும்.

இரண்டாவது, இயக்குபவர் யார்? ஆண், பெண் இருபாலாரிலும் குறைந்தது நால்வராவது பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

மூன்றாவது, எரிபொருள். புயல் அறிவிப்பு வந்ததும், ஒரு நாள் முழுவதும் ஓடுவதற்குரிய எண்ணெயை வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். மாதந்தோறும் கால் மணி நேரம் இயக்கிப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

நான்காவது, முறை. எந்த வீட்டிற்கு முதலில்? கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நோயாளிகள், முதியோர் உள்ள வீடுகளுக்கும் மண்சுவர் வீடுகளுக்கும் முதலிடம். பின்னர் அங்கன்வாடி, பள்ளி, நியாய விலைக் கடை. பிறகு மற்றவை. இவ்வரிசையை மழைக்கு முன்பே எழுதி ஒட்டிவிட்டால், நள்ளிரவில் வாக்குவாதம் எழாது.

ஐந்தாவது, நீரை எங்கே விடுவது? இதுவே சண்டைக்கு மூலகாரணம். ஒரு வீட்டு நீரை அடுத்த வீட்டு வாசலில் விட்டால், வெள்ளம் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. தெருக் கால்வாய், ஊருணி, போக்குக் கால்வாய் ஆகியவற்றில் எது எந்தத் தெருவுக்கு என்று முன்னரே குறித்துக்கொள்க. சாக்கடை கலந்த நீரைக் குடிநீர் ஊருணியில் விடலாகாது.

ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இவ்வைந்தையும் வைத்துத் தீர்மானிக்கலாம். பருவமழை அதன் பின்னரே வருகிறது.

குடிநீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும்

இன்னொரு விஷயம். நம் வீடுகளில் சம்ப் என்று சொல்வது தரைக்கடிக் குடிநீர்த் தொட்டியை. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, இத்தகைய தொட்டிகளில் சாக்கடை நீர் கலந்து பெரும் தொல்லை ஏற்பட்டது. தொட்டியின் வாய் தரை மட்டத்திலிருந்து இரண்டடியாவது உயர்ந்திருப்பது நலம். வெள்ள நீரை இறைத்த பம்பைக் குடிநீர்த் தொட்டியில் இறக்கவே கூடாது.

நீர் சூழ்ந்திருக்கும்போது தரைக்கடித் தொட்டியை முற்றிலும் காலி செய்வதும் தவறு. சுற்றியுள்ள ஈர மண்ணின் அழுத்தத்தால் காலித் தொட்டி விரிசல் காணும். சில சமயம் மேலெழும்பியும் விடும். சுற்று நீர் வடிந்த பிறகே இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்புக. 1000 லிட்டருக்கு நான்கு கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரைக் கலந்து, ஒரு மணி நேரம் சென்றபின் பயன்படுத்துக. அதன் பின்பும் காய்ச்சிக் குடிப்பதே உத்தமம்.

கழிவறைத் தொட்டி நிரம்பினால், எவரையும் அதனுள் இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதனுள் உள்ள வாயு நொடியில் உயிரைப் பறிக்கிறது. உறிஞ்சு லாரியை அழைப்பதே வழி.

செய்ய வேண்டியவை

நண்பர்களே! நாம் கூறியவற்றைச் சுருக்கிச் சொல்வோம். நீர் வரும் வழியை முதலில் அறிக. கால்வாயையும் தாரையையும் சீர்செய்க. எஞ்சும் நீரை அளந்து, வேண்டிய உயரத்தில் வேண்டிய லிட்டரைத் தரும் வடிகால் பம்பை வாங்குக. குழாயைக் குறுக்காதிருங்கள். மின்கசிவுத் தடுப்பான் இன்றி இயக்காதிருங்கள். மின்சாரம் நிற்கும் என்றே எண்ணி, ஊருக்கு ஓர் எஞ்சினும் அதற்கு ஒழுங்கும் ஏற்படுத்துங்கள். நீர் உயர்ந்து வீட்டில் தங்குவது ஆபத்தெனக் கண்டால், பம்பையும் பண்டத்தையும் விட்டுப் பாதுகாப்பான கட்டிடத்திற்குச் சென்றுவிடுங்கள். மாவட்ட அவசர உதவிக்கு 1077 என்ற எண் உள்ளது.

இவ்வாரமே ஒவ்வொரு பஞ்சாயத்திலும், மழை நீர் புகும் வீடுகள் எவை என்று தெருத்தெருவாகச் சென்று பட்டியல் எழுதத் தொடங்குங்கள். எத்தனை வீடு, எந்த வழியாக நீர், எந்தப் பக்கம் சரிவு என்ற மூன்று விவரங்கள் போதும். அப்பட்டியலை ஒன்றிய அலுவலகத்திற்குக் கொண்டுவந்தால், எந்த இடத்திற்குக் கால்வாய், எந்த இடத்திற்குப் பம்பு என்று நாம் ஒன்றாக அமர்ந்து தீர்மானிப்போம். மேட்டில் வாழ்வோர் பள்ளத்தில் வாழ்வோரை நினைந்து செய்யும் ஏற்பாடே கிராம முன்னேற்றம் என்னும் சொல்லுக்குப் பொருள் தருவது. அதற்கு நாம் அனைவரும் முயல்வோமாக.